புளியங்கொட்டைப் பிசினில் மெதுவாகக் கரையும் மாத்திரை: கடைக்கு ஏன் வரவில்லை?

குடமுருட்டி | திங்கள், இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. மருந்தாக்கியல் முதுகலை இறுதியாண்டு. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது புளியங்கொட்டைப் பிசின். மூன்று வேளை விழுங்க வேண்டிய மருந்தை ஒரே வேளையாக்க வேண்டுமென்றால், மாத்திரைக்குள் ஏதோ ஒன்று மருந்தைப் பிடித்துவைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அந்த வேலையைப் புளியங்கொட்டை செய்யுமா என்பதுதான் கேள்வி.

செய்கிறது. ஒருமுறை செய்கிறது, மறுமுறை செய்யவில்லை, அதுதான் தலைவலி. டைக்ளோஃபினாக் சோடியம் 100 மில்லிகிராம் வைத்து மார்கழியில் அடித்த மாத்திரைகள் கரைவுச் சோதனையில் பன்னிரண்டு மணி நேரம் தாங்கின. பங்குனியில் அதே அளவு, அதே அழுத்தம், அதே இயந்திரம். ஐந்தாவது மணியிலேயே முக்கால்வாசிக்கு மேல் மருந்து வெளியே வந்துவிட்டது. மாறியது கொட்டை மட்டும்.

"நல்லதாக வந்ததை எழுதிவிட்டு வேலையைப் பார்" என்று அக்கறையோடு சொல்பவர்களும் இருக்கிறார்கள். மனம் ஒப்பவில்லை. வெந்தயம், வெண்டை, முருங்கைப் பிசின், செம்பருத்தி இலை, வில்வப்பழத்துப் பசை என்று இந்தத் துறையில் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. எல்லாவற்றிலும் கடைசி வரி "சிறந்த எதிர்காலம் உண்டு". கடைக்குப் போய் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் இவற்றில் ஒன்றையும் காணோம். ஏன்?

மருந்துக்கடைத் திண்ணை | திங்கள், இரவு 10.05

கேள்விக்கு விடை என்னிடம் இல்லை, அம்மா. கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகளாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் கண்டதைச் சொல்கிறேன். மாத்திரைப் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர்., சி.ஆர். என்று இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். மருந்தை மெதுவாக விடும் வகை என்று பொருள். விலையைப் பார்ப்பவர்கள் அந்த எழுத்தைப் பார்ப்பதில்லை.

போன ஆடியில் ஒரு பாட்டி காகிதத்தில் எதையோ மடித்துக் கொண்டுவந்து கல்லாமேல் வைத்தார். சர்க்கரைக்குப் போடும் மாத்திரை முழுசாக மலத்தோடு வந்துவிட்டதாம். "போலியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டாய்" என்று தெருவே கூடும்படி சத்தம். கழுவிக் கொண்டுவந்திருந்தார், அந்த மட்டில் புண்ணியம். அது வெறும் கூடு. மருந்து இறங்கிய பிறகு மிஞ்சிய சக்கை. மெட்ஃபார்மின் எக்ஸ்.ஆர். வகையில் இப்படி மெத்தென்று ஒன்று வெளியே வரலாம் என்று மருந்துக் குறிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். பாட்டியை நம்பவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. முழுக்க நம்பினார் என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு வீட்டில் நேர்மாறு. மாமனாருக்கு விழுங்கக் கஷ்டம் என்று இரத்த அழுத்த மாத்திரையை அம்மியில் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்துவிட்டார்கள். நிஃபெடிபின், மெதுவாக விடும் வகை. நாள் முழுக்க இறங்க வேண்டியது ஒரேயடியாக இறங்கிவிட்டது. பெரியவர் கூடத்திலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, பிழைத்தார். ஆகவே நீ எந்தப் பிசினைப் போட்டாலும் சரி, "உடைக்காதே, பொடிக்காதே" என்பதை அட்டையில் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் போடச் சொல்.

வெண்ணாறு | செவ்வாய், காலை 6.40

பிசின் ஒட்டும் என்பது தெரியும். மெதுவாக விடும் என்றால் எப்படி? நான் கணக்கு வாத்தியார், ஓய்வுபெற்றவன். எனக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

கல்லணை | செவ்வாய், காலை 8.15

நான் சொல்கிறேன். மாத்திரை உருவாக்கும் பிரிவில் ஆயுசில் பாதியைக் கழித்துவிட்டு இப்போது திருவையாற்றில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறேன்.

கொழுக்கட்டைக்கு மாவு கிளறும்போது கொதிநீரில் அரிசிமாவை ஒரேயடியாகக் கொட்டிவிட்டால் கட்டி தட்டிப்போகும். அந்தக் கட்டி ஒன்றை எடுத்துப் பிட்டுப் பாருங்கள். வெளியே வழவழவென்று வெந்த தோல், உள்ளே உலர்ந்த மாவு, தொட்டால் விரலில் வெள்ளையாக ஒட்டும். சுற்றிலும் நீர் கொதிக்கிறது, ஆனால் வெந்த தோலே வேலியாகி நீரை உள்ளே விடவில்லை. வீட்டுக்காரம்மாவுக்கு அது தோல்வி. எங்களுக்கு அதுதான் பிழைப்பு.

பிசின் கலந்த மாத்திரை வயிற்று நீரைக் கண்டதும் மேற்பரப்பு மட்டும் வீங்கிக் கூழ்ப்படலமாகிவிடும். உள்ளே இருக்கும் மருந்து அந்தக் கூழ் வழியாக ஊறித்தான் வெளியே வர வேண்டும். வெளிப்புறம் தேயத் தேய, உள்ளே அடுத்த படலம் உருவாகும். நீரில் நன்றாகக் கரையும் மருந்து ஊறி வரும். கரையாத மருந்து, படலம் எப்போது தேயும் என்று காத்திருந்து வரும்.

வாத்தியாருக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். 1961இல் டக்கேரு ஹிகுச்சி என்பவர் களிம்பிலிருந்து மருந்து வெளிவருவதற்கு ஒரு சமன்பாடு எழுதினார். இரண்டு ஆண்டுகளில் அதை மாத்திரைக்கும் விரித்தார். வெளிவந்த அளவு நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதாவது முதல் மணி நேரத்தில் வந்ததைப் போல இரண்டு மடங்கு சேர நான்கு மணி நேரம் ஆகும், மூன்று மடங்கு சேர ஒன்பது மணி நேரம் ஆகும். போகப் போக மருந்து நடக்க வேண்டிய தூரம் கூடுகிறதல்லவா? வீங்கித் தேயும் பிசின்கள் இந்தக் கணக்குக்கு முழுக்க அடங்குவதில்லை. ஆனாலும் மாணவர்கள் எல்லோரும் முதலில் இந்தக் கோட்டைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள்.

மாவுக் கட்டி உவமையை வைத்து அரிசிமாவே மருந்தைப் பிடிக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பச்சை மாவுச்சத்து மாத்திரைக்குள் இருந்தால் நீரை உறிஞ்சி உப்பி மாத்திரையை உடைக்கும். சட்டென்று கரைய வேண்டிய மாத்திரையில் அதற்காகவே மக்காச்சோள மாவைச் சேர்க்கிறோம். கஞ்சியாகக் காய்ச்சினால் பொடிகளைக் குருணையாகச் சேர்த்துக் கட்டும், அவ்வளவுதான். குடலில் மாவைச் செரிக்கும் நொதியும் காத்திருக்கிறது. நெல் விளையும் மண்ணில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேனே என்று கோபிக்காதீர்கள்: அரிசி மாத்திரையை உடைக்கும் கட்சி, புளியங்கொட்டை பிடித்துவைக்கும் கட்சி.

குடமுருட்டி, உனக்கு இரண்டு கேள்வி. கொட்டைக்குத் தோல் எப்படி நீக்கினாய்? மாத்திரை அடிப்பதற்கு முன் பிசினின் பாகுத்தன்மையை அளந்தாயா?

இயற்கைவழி | செவ்வாய், பகல் 12.30

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். சித்தர்கள் மூலிகைச் சாற்றில் அரைத்துக் குளிகை உருட்டினார்கள். மெதுவாக வேலை செய்யும், பக்கவிளைவு கிடையாது. இன்று ரசாயனத்தை அடைத்து விற்கும் பன்னாட்டு கம்பெனிகள் நம் புளியங்கொட்டையை உள்ளே விடுமா? செடியிலிருந்து வந்தது உடம்பைக் கெடுக்காது. இதற்கு எதற்குச் சோதனைக்கூடம்?

கடைமடை | செவ்வாய், பகல் 1.10

அரளியும் செடியிலிருந்துதான் வருகிறது, ஐயா.

கல்லணை | செவ்வாய், பகல் 2.45

இயற்கைவழி ஐயாவுக்கு. கம்பெனிகள் இன்று அதிகம் பயன்படுத்துவது ஹைட்ராக்ஸிபுரொப்பைல் மெத்தில் செல்லுலோஸ். பெயரைக் கேட்டால் ஆலைக்கழிவு மாதிரி இருக்கும். அதன் தாய் மரக்கூழும் பருத்திப் பஞ்சும்தான். அதைக் காரத்தில் ஊறவைத்து, மெத்தில் குளோரைடும் புரொப்பிலீன் ஆக்சைடும் சேர்த்து மாற்றுகிறார்கள். ஆகச் செடியை யாரும் ஒதுக்கிவைக்கவில்லை. செடியை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். உங்கள் சர்க்கரை மாத்திரைக்குள் இருக்கும் மெட்ஃபார்மினுக்கும் பூர்வீகம் ஒரு செடிதான், கலேகா அஃபிசினாலிஸ். மருந்து மட்டும் முழுக்க ஆலையில் தயாராவது.

பக்கவிளைவு இல்லை என்கிறீர்கள். அமெரிக்காவில் உடம்பு இளைக்க என்று கொத்தவரைப் பிசின் மாத்திரை விற்றார்கள். சிலருக்கு அது உணவுக்குழாயிலேயே வீங்கி அடைத்துக்கொண்டு, கடைசியில் விற்பனையை நிறுத்தவைத்தார்கள். இசப்கோல் உமியைத் தண்ணீர் போதாமல் விழுங்கினாலும் அதே கதைதான். வீங்குவது பிசினின் குணம். எந்த இடத்தில் வீங்குகிறது என்பதில் இருக்கிறது நல்லதும் கெட்டதும்.

மருந்துக்கடைத் திண்ணை | செவ்வாய், மாலை 4.20

சித்தர்களைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை, எங்கள் தாத்தா வைத்தியர். ஆனால் "எதற்குச் சோதனை" என்பது மட்டும் தஞ்சாவூர்க்காரர் பேச்சாக இல்லை. 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோஜி தன்வந்திரி மகால் வைத்து மருந்து செய்யவைத்தார். கண்நோயாளிகளின் விவரத்தை ஓவியத்தோடு குறித்துவைத்த ஏடுகள் சரஸ்வதி மகாலில் இன்றும் இருக்கின்றன. அரசரே குறித்துவைக்கச் சொன்ன ஊர் இது.

மட்டுறுத்துநர் | செவ்வாய், மாலை 5.00

சொந்த மருந்தை மாற்றுவது, நிறுத்துவது பற்றிய கேள்விகளை மருத்துவரிடம் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

கடைமடை | செவ்வாய், இரவு 8.30

அரளிக்குப் பிறகு கொஞ்சம் பொறுப்பாகவும் ஒன்று எழுதுகிறேன். வேதாரண்யம் பக்கத்தில் எனக்கு முருங்கையும் கொஞ்சம் சவுக்கும். பிசின் என்றதும் வியாபாரம்தான் நினைவுக்கு வருகிறது.

கொத்தவரைப் பிசினின் கதை தெரியுமா? விளைவது பெரும்பாலும் ராஜஸ்தான் வறட்டு நிலத்தில். ஐஸ்கிரீமுக்கும் மாத்திரைக்கும் போய்க்கொண்டிருந்த சரக்கு, அமெரிக்காவில் பாறையை நீரால் பிளந்து எரிவாயு எடுக்க ஆரம்பித்ததும் அங்கே ஓடியது. பிளக்கும் நீரைக் கெட்டியாக்க அந்தப் பிசின் வேண்டுமாம். 2012இல் விலை ஏறிய ஏற்றத்தில் முன்பேர வர்த்தகத்தையே நிறுத்திவைத்தார்கள். மீத்தேனும் ஹைட்ரோகார்பனும் வேண்டாம் என்று நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் 2017இல் உட்கார்ந்திருந்தோமே, உலகத்தின் இன்னொரு மூலையில் அந்த மாதிரி வேலைக்கு நம் நாட்டுக் கொத்தவரங்காய் போய்க்கொண்டிருந்தது. எனக்கு இதில் சிரிப்பதா என்ன செய்வதா என்று இன்றுவரை தெரியவில்லை.

அதற்கும் முன்னால் 2007இல் இந்தியாவிலிருந்து போன கொத்தவரைப் பிசினில் டையாக்சின், பென்டாகுளோரோஃபீனால் என்ற நச்சுப்பொருள்கள் இருப்பதாக ஐரோப்பாவில் கண்டுபிடித்துப் பெரிய ரகளை ஆயிற்று. பிசின் சுத்தம்தான், அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது சுத்தமில்லை. மருந்துக் கம்பெனிக்காரன் பயப்படுவது இந்த இரண்டுக்கும்தான் என்று நினைக்கிறேன்: நாளைக்கு என்ன விலை, உள்ளே வேறு என்ன இருக்கிறது.

ஓவியப்பலகை | செவ்வாய், இரவு 10.50

நான் மருந்துக்காரன் இல்லை. தஞ்சாவூர் ஓவியப் பலகை தயாரிக்கும் குடும்பம். ஆனால் புளியங்கொட்டைப் பசையோடு நாற்பது ஆண்டு உறவு, அதனால் வாய் சும்மா இருக்கவில்லை.

பலகைமேல் துணி ஒட்ட எங்கள் அப்பா காலத்தில் புளியங்கொட்டைப் பசைதான். கொட்டையை ஊறவைத்துத் தோலை உரித்து, அம்மியில் வெண்ணெயாக அரைத்து, அடுப்பில் வைத்துக் கிளற வேண்டும். கரண்டியைத் தூக்கினால் நூலாக இறங்கி, அறுபடாமல் தரைவரை வர வேண்டும். அதுதான் பதம். பாதியில் சொட்டாக அறுந்தால் அப்பா அந்தச் சட்டியையே ஒதுக்கிவிடுவார். அவசரத்துக்கு வறுத்துத் தோல் நீக்கிய கொட்டையில் நூல் இறங்காது, கலங்கலாக இருக்கும். வருடம் போன கொட்டையும் அப்படித்தான்.

இன்னொன்று. பசையில் மயில்துத்தம் (தாமிர சல்பேட்) ஒரு சிட்டிகை போடுவோம். போடாவிட்டால் ஐப்பசி மழையில் மூன்றாம் நாள் பூசணம் பூத்துவிடும், பிறகு பூச்சி வந்து துணியை அரிக்கும். இந்தத் தங்கை மாத்திரையில் அதைப் போட முடியாதே, பூசணத்துக்கு என்ன செய்யப்போகிறார்?

கல்லணை | புதன், காலை 7.20

ஓவியப்பலகை, உங்கள் அப்பாவை எங்கள் சோதனைக்கூடத்தில் வேலைக்கு வைத்திருக்க வேண்டும். அந்த நூல் பதம்தான் நான் கேட்ட பாகுத்தன்மை.

செல்லுலோஸ் சரக்கு ஏன் ஜெயித்தது என்றால் இதற்காகத்தான். கே4எம் என்று ஒரு வகை, கே100எம் என்று ஒரு வகை. 2 சதவீதக் கரைசலின் பாகுத்தன்மை முதலாவதில் ஏறத்தாழ 4,000, இரண்டாவதில் ஏறத்தாழ 1,00,000. எண் பெயரிலேயே இருக்கிறது. சென்ற ஆண்டு வந்த மூட்டையும் இந்த ஆண்டு வரும் மூட்டையும் அந்த வரம்புக்குள் நிற்கும். நிற்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். புளியமரத்தை எங்கே திருப்பி அனுப்புவது?

பூசணம் பற்றிய கேள்வி அசல் கேள்வி. செடியிலிருந்து எடுத்த பிசின் என்றால் நுண்ணுயிர் எண்ணிக்கை பார்க்க வேண்டும். ஈ.கோலையும் சால்மொனெல்லாவும் அறவே இருக்கக் கூடாது. பிறகு 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம் வைத்து, மாத்திரை முதல் நாள் விட்ட வேகத்திலேயே மருந்தை விடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிசினுக்கு ஈரம் என்றால் உயிர். இழுத்து வைத்துக்கொண்டு மெல்லத் தளர்ந்துபோகும். மாணவர் ஆய்வுகளில் இந்த ஆறு மாதத்துக்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. முதல் நாள் கோட்டை வரைந்து கட்டுரையை அனுப்பிவிடுகிறார்கள். கடைக்கு வராததற்கு என்னைக் கேட்டால் சதி காரணமில்லை. முதல் நாளுக்கும் நூற்றெண்பதாம் நாளுக்கும் நடுவில் யாரும் நிற்கவில்லை என்பதுதான் காரணம்.

முடியாத காரியம் என்றும் சொல்லவில்லை. ஜப்பானில் இந்தப் புளியங்கொட்டைப் பிசினைச் சுத்தப்படுத்தி உணவில் கெட்டிக்காகப் பல பத்தாண்டுகளாகச் சேர்க்கிறார்கள். அங்கே புளி விவசாயம் கிடையாது. கொட்டை இங்கிருந்து போகிறது.

வெண்ணாறு | புதன், காலை 9.00

புரிந்தது. மரத்துக்கு மதிப்பெண் பட்டியல் இல்லை என்பதுதான் பிரச்சினை. சின்ன வயதில் தாயம் ஆடப் புளியங்கொட்டையைச் சிமெண்டுத் திண்ணையில் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்குவோம். சில கொட்டை சீக்கிரம் வெளுக்கும், சிலது விரல் கொப்பளித்தாலும் வெளுக்காது. ஒரே குலைக் காயில் எடுத்ததே அப்படித்தான் இருக்கும்.

குடமுருட்டி | வியாழன், இரவு 11.25

தாமதத்துக்கு மன்னிக்கவும். நேற்றும் இன்றும் ஆய்வகத்தில் இருந்தேன்.

கல்லணை ஐயா, அளக்கவில்லை. முதல் முறை அளந்தேன், இரண்டாம் முறை "அதே புளியங்கொட்டைதானே" என்று விட்டுவிட்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

முதல் தொகுதிக்கு நெசவுக் கஞ்சிக்காக விற்கும், தோல் நீக்கி அரைத்த பருப்புப் பொடி வாங்கியிருந்தேன். அது தீர்ந்ததும் கும்பகோணம் கடைத்தெருவில் இரண்டு படி கொட்டை வாங்கி, வீட்டு முற்றத்தில் அம்மா மணலில் வறுத்துக் கொடுத்தார். நன்றாகச் சிவக்க, தின்பதற்கு வறுப்பது போலவே வறுத்துவிட்டார். ஒரு கைப்பிடி தம்பி தின்றும் விட்டான். பிறகு எல்லாம் ஒரே முறைதான்: பொடியைக் கொதிக்கவைத்து, இரவு தெளியவிட்டு, மல் துணியில் வடித்து, அசிட்டோன் ஊற்றினேன். முதல் முறை அசிட்டோன் பட்டதும் வெள்ளை வெளேரென்று நூல் நூலாகத் திரிந்து கண்ணாடிக்கோலில் சுற்றிக்கொண்டது. இரண்டாம் முறை பழுப்பாக, துகள் துகளாக அடியில் படிந்தது. அதைப் பார்த்தபோதே நின்றிருக்க வேண்டும். ஓவியப்பலகை அண்ணனின் அப்பாவாக இருந்தால் சட்டியை ஒதுக்கியிருப்பார்.

இன்று இரண்டிலும் மிச்சம் இருந்ததை 2 சதவீதக் கரைசலாக்கி அளந்தேன். இரண்டாவது முதலாவதில் பாதிகூட இல்லை.

ஆனால் வறுவல் ஒன்றுதான் காரணமா, கொட்டையிலேயே வேறுபாடா என்பது இன்னும் தெரியவில்லை. அதைப் பிரித்துப் பார்க்க, ஒரே மரத்துக் கொட்டையைப் பாதி வறுத்தும் பாதி ஊறவைத்தும் தோல் நீக்க வேண்டும். அண்ணா, உங்களிடம் கொட்டை கிடைக்குமா?

ஓவியப்பலகை | வெள்ளி, காலை 6.15

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மூன்று படி தருகிறேன், காசு வேண்டாம். எந்த மரம் என்று மட்டும் கேட்காதே. கிருஷ்ணகிரிப் புளி, தர்மபுரிப் புளி, எங்கள் தெருக்கோடிப் புளி எல்லாம் ஒரே சாக்கில்தான் கிடக்கிறது.

குடமுருட்டி | வெள்ளி, காலை 6.50

எந்த மரம் என்பதுதானே அண்ணா என் கேள்வியே.

கல்லணை | வெள்ளி, காலை 8.05

அந்தக் கலவைச் சாக்கையும் வாங்கி வை, வேண்டாமென்று சொல்லாதே. ஒரு மரத்துக் கொட்டை ஆய்வுக்கு. நாளைக்கு ஆலைக்கு வரப்போவது கலவைச் சாக்குதான். அதில் நூல் பதம் எவ்வளவு ஆடுகிறது என்பதையும் அளந்து எழுது. பிசினின் ஈரத்தையும் ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்.

கடைமடை | வெள்ளி, பகல் 1.40

எங்கள் ஐயனார் கோவில் திடலில் ஒற்றைப் புளியமரம் நிற்கிறது. 2018இல் கஜா அடித்தபோது பாதி முறிந்து, மீதிப் பாதி இன்னும் காய்க்கிறது. சுற்று வட்டாரத்தில் வேறு புளி கிடையாது, ஆகக் கலப்புக்கு வழியே இல்லை. கொட்டை வறுக்காமல் தனிச் சாக்கில் கிடக்கிறது. நாலு படி தேறும். ஆய்வகத்துக்குத் தேதி வேண்டும் என்பாய்: உலுக்கியது சிவராத்திரிக்கு மறுநாள்.

குடமுருட்டி | வெள்ளி, பகல் 1.55

அது போதும் அண்ணா. தனிச் சாக்காகவே இருக்கட்டும், யாரும் கை வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் போய்விட்டு அப்படியே வேதாரண்யம் பஸ் ஏறுகிறேன்.